மலையேறும் பேருந்து

பேருந்தில் ஏறுவோருள் பெரும்பாலோர் தாம் இறங்க வேண்டிய இடத்தையே எண்ணிக்கொண்டு ஏறுவர். இருக்கை கிடைத்தால் உறங்குவர். கிடைக்காவிடின் கம்பியைப் பற்றிக்கொண்டு, வழியில் வரும் ஊர்களையெல்லாம் தம் நேரத்தை வீணாக்க வந்த தடைகளாகவே கருதுவர். அலுவலுக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் விரைவோரிடம் வேறொன்றை எதிர்பார்ப்பது முறையன்று. ஆயினும், பேருந்தில் செல்வதற்காகவே பேருந்தில் ஏறுவோர் சிலரும் உளர். போய்ச் சேரும் ஊரில் அவர்களுக்கு ஒரு வேலையும் இராது. எந்த ஊர்தி எந்தப் பணிமனையைச் சேர்ந்தது, அதன் உடல் கரூரில் கட்டப்பட்டதா வேறிடத்தில் கட்டப்பட்டதா, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நின்றது என்பனவற்றை அவர்கள் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். பழைய பயணச்சீட்டுகளைத் தபால்தலை சேர்ப்பார்போலச் சேர்த்து வைப்பர். கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் ஒலியைக் கேட்டே வண்டியின் வகையைக் கூறுவோரும் அவர்களுள் உண்டு.

இவர்களைக் கண்டு ஊரார் நகைப்பது இயல்பு. புகைவண்டியின்மீது ஆர்வம் கொண்டவரை மதிக்கும் உலகம், பேருந்தின்மீது ஆர்வம் கொண்டவரை வேலையற்றவர் என்றே எண்ணுகிறது. இங்கிலாந்தில் 1929ஆம் ஆண்டிலேயே இத்தகையோர் கூடி ஆம்னிபஸ் சங்கம் என ஒரு சங்கம் அமைத்தனர். பழைய கால அட்டவணைகளையும் நிழற்படங்களையும் திரட்டிப் பாதுகாத்தனர். தமிழ்நாட்டிலும் அரசுப் பேருந்துகளைப் படம் பிடித்து, வழித்தடங்களைப் பட்டியலிட்டு மகிழும் இளைஞர் பலர் உள்ளனர். இவர்களது ஆர்வம் நகைப்பிற்குரியது அன்று. ஒரு நாட்டில் பேருந்து யாருக்காக ஓடுகிறது, யாருக்காக ஓடாமல் நின்றுவிடுகிறது என்பதைக் கணக்கேடுகளைப் புரட்டுவோரைவிட, ஒரு பகல் முழுதும் உள்ளூர்ப் பேருந்திலேயே அமர்ந்திருப்பவர் நன்றாக அறிவார்.

ஐரோப்பிய மொழிகளில் இவ்வூர்திக்கு வழங்கும் பெயரின் வரலாறே இதற்குச் சான்றாகும். கணித மேதையும் தத்துவ அறிஞருமாகிய பாஸ்கல் என்பார், 1662ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், பாரிசு நகரில் குதிரை வண்டிகள் சிலவற்றை ஒரு புதுமுறையில் ஓடச் செய்தார். வண்டி குறித்த வழியிலேயே செல்ல வேண்டும். குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும். ஏறுவோர் ஒருவரும் இல்லையெனினும் வெறுமையாகவே புறப்பட வேண்டும். கட்டணம் ஐந்து ‘சோல்’ நாணயங்கள். இவையே அவர் வகுத்த விதிகள். இவற்றுள் மூன்றாவது விதியே உயிரானது. ஆள் நிறையும்வரை காத்திருக்கும் வண்டி வாடகை வண்டியே ஆகும். ஆள் வந்தாலும் வராவிடினும் சொன்ன நேரத்தில் புறப்படுவதுதான் பொது ஊர்தி. ஆனால் அந்நகரின் நீதிமன்றம் படைவீரரும் ஏவலாளரும் உடலுழைப்பாளரும் அவற்றில் ஏறலாகாது என விலக்கிவிட்டது. கட்டணமும் பின்னர் உயர்த்தப்பட்டது. உண்மையில் தேவையுடையோர் விலக்கப்பட்டமையால், அவ்வண்டிகள் பதினைந்து ஆண்டுகள் அளவிலே மறைந்தொழிந்தன.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே அக்கருத்து மீண்டும் தளிர்த்தது. 1826இல் பிரான்சு நாட்டு நான்த் நகரில் போத்ரி என்பவர், நகர்ப்புறத்தே தாம் நடத்திய வெந்நீர்க் குளிப்பகத்திற்கு ஆள்களை அழைத்துவர ஒரு வண்டி விட்டார். ஏறியவருட் பலர் குளிப்பகம்வரை வராமல் வழியிலேயே இறங்கி, தத்தம் வேலையைப் பார்க்கப் போயினர். குளிப்பகத்தைவிட வண்டியே ஆதாயமுடையது என்பதை அவர் கண்டுகொண்டார். ‘எல்லோர்க்கும்’ என்னும் பொருளுடைய ‘ஆம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல் அவ்வண்டிக்குப் பெயராயிற்று. அதன் முதற்குறையே ‘பஸ்’. தமிழில் ‘பேருந்து’ என்று வழங்குகிறோம். பெரிய உந்து என்னும் பொருளில் அச்சொல் அழகியதே. எனினும் ‘எல்லோர்க்கும்’ என்ற பழம்பொருளை அது கொள்ளவில்லை என்பது ஒரு சிறு குறை.

தமிழ்நாட்டில் இவ்வூர்தியின் கதை தனியார் முயற்சியில் தொடங்கியது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையில் பேருந்து விட்டார். கோவை ஜி. டி. நாயுடு 1920இல் ஒரே வண்டியைக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிட்டாமையால், பேருந்தின் பின்புறம் கலம் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, எழுந்த வாயுவால் வண்டியை ஓட்டினர். 1948இல் சென்னையை அடுத்த எண்ணூரில் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்று, நாடெங்கும் பேருந்துகளுக்கு அடிச்சட்டங்களை வழங்கலாயிற்று. சென்னை நகரில் 1947இலேயே அரசு பேருந்து நடத்தத் தொடங்கியிருந்தது. 1972 முதல் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கழகம் அன்னை சத்யாவின் பெயரால் இயங்கியது. 1997இல் கழகங்களின் தனிப்பெயர்கள் நீக்கப்பட்டு, பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என ஒரே பெயர் பெற்றன. பழைய பெயர்களை இன்றும் மறவாமல் சொல்லும் முதியவர் உண்டு.

தருமபுரி நிலத்திற்கு வேறொரு கதையும் உண்டு. பஞ்சக் காலத்தில் உணவுப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் நோக்கத்தோடு, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர்வரை நீண்டது. போர்க்காலமாகிய 1941இல் அது மூடப்பட்டது. வண்டிக்குப் பழகியிருந்த மக்கள் ஒருநாள் விடிந்தபோது பாதையே இல்லாதவராயினர். அதன் பின்னர் அம்மக்களுக்குக் கிடைத்த துணை சாலையும் பேருந்துமே. போக்குவரத்து ஒருமுறை வந்துவிட்டால் என்றும் நிலைத்திருக்கும் என்று நம்புவதற்கில்லை என்பதை இந்நிலத்தார் நேரில் அறிந்தவர்கள்.

இனி, நண்பர் இருவர் தருமபுரியிலிருந்து அரூர் வழியாகச் சித்தேரி மலைக்குப் பேருந்திலேயே சென்று வரப் புறப்படுகின்றனர் எனக் கொள்க. ஒருவர் பேருந்து ஆர்வலர். மற்றவர் நட்பின் பொருட்டுத் துணை வருபவர். உள்ளத்தே சிறிது சலிப்பும் உடையவர். ஞாயிற்றுக்கிழமை செல்லலாம் என்றார் அவர். “ஞாயிறன்று மலைப்பேருந்து தன் உண்மை முகத்தைக் காட்டாது, பள்ளி நடக்கும் நாளில்தான் போக வேண்டும்” என்று ஆர்வலர் மறுத்துவிட்டார். ஆகவே இருவரும் வேலைநாள் ஒன்றில் விடுப்புப் பெற்று, விடியற்காலையில் பேருந்து நிலையம் அடைகின்றனர்.

டி.என். 29 என்று தொடங்கும் பதிவெண்ணைக் கண்டதும் ஆர்வலரின் முகம் மலர்கிறது. 29 தருமபுரிக்குரிய எண். அதனை அடுத்து வரும் ‘என்’ என்ற எழுத்து அரசுப் பேருந்துக்குரியது. துணைவர்க்கோ எல்லா வண்டியும் ஒன்றே. மொரப்பூர் வழியாக அரூர் செல்லும் சாலையில் மாந்தோப்பும் மரவள்ளிக் கொல்லையும் கரும்பும் மாறி மாறி வருகின்றன. சாலை விரிவாக்கத்திற்குத் தப்பிய புளியமரங்கள் ஆங்காங்கே நிழல் தருகின்றன. இப்பகுதியைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. பேருந்து அடிக்கடி ஓடும் வழி இது. ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்ததில் ஏறிக்கொள்வர். அதனால் இங்கே நேரத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

அரூர் நிலையத்தில் காட்சி மாறுகிறது. சித்தேரிப் பேருந்து நிற்குமிடத்தில் மக்கள் முன்கூட்டியே வந்து அமர்ந்திருக்கின்றனர். “தம்பி, வண்டி வந்துவிடுமா?” என்று ஒரு மூதாட்டி கேட்கிறார். “எத்தனை மணிக்கு வரும்?” என்று அவர் கேட்கவில்லை. “வருமா?” என்றே கேட்கிறார். இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தொலைவுதான் சமவெளிக்கும் மலைக்கும் இடையே உள்ள உண்மையான தொலைவு. துணைவர் அப்போதுதான் தம் சலிப்பை விட்டு நிமிர்ந்து அமர்கிறார்.

பேருந்து வருகிறது. ஏறுவோரோடு அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்க் குப்பியும் ஆட்டுக்குட்டியும் உரச்சாக்கும் ஏறுகின்றன. நடத்துநர் கடிந்துகொள்வார் என்று துணைவர் எதிர்பார்க்கிறார். அவரோ, “பாட்டி, மூட்டையை இருக்கையின் அடியில் தள்ளு, படியில் வைக்காதே” என்று இடம் காட்டுகிறார். இவ்வழித்தடத்தில் நெடுநாள் பணியாற்றும் நடத்துநர்க்கு யார் எந்த வளைவில் இறங்குவர் என்பது தெரியும். ஊர்ப்பெயரைச் சொல்லாமலே சீட்டு வழங்குகிறார். கீழே வரமுடியாத ஒருவருக்காக மருந்துப் பொட்டலம் ஒன்றையும் அவர் தம் பையில் வைத்திருக்கிறார். இதற்கு விதியேட்டில் இடமில்லை. ஆனால் எந்த மலைவழியிலும் இது நடவாமல் இருப்பதில்லை.

சித்தேரி மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மேற்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கல்வராயன் மலையும் நிற்க, இடையே இது அமைந்துள்ளது. சிற்றேரி என்பதே சித்தேரி என மருவியிருக்கலாம். சித்தேரி ஊராட்சி அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களை உடையது. இங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரள நாட்டு மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள். இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்னும் செவிவழி வரலாறு இவர்களிடையே உண்டு. சாமையும் கேழ்வரகும் பயிரிடுவர். புளியும் தேனும் பலாவும் கீழே சந்தைக்கு வரும். அவை கீழே வருவதும் உப்பும் துணியும் மேலே செல்வதும் இப்பேருந்தில்தான்.

அடிவாரம் கடந்து ஏற்றம் தொடங்கியதும் ஆர்வலர் பேச்சை நிறுத்திவிடுகிறார். இனி அவர் கேட்பது எஞ்சினின் குரலை. வளைவுக்கு வளைவு ஓட்டுநர் கியரை மாற்றும் முறையும், திருப்பத்திற்கு முன்னரே ஒலியெழுப்பும் முறையும் கற்றுத் தேர்ந்த கலையாகும். மலைச்சாலையில் எதிரெதிரே வண்டிகள் வருமாயின், ஏறிவரும் வண்டிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது சாலைவிதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி மீண்டும் புறப்படுவது கடினம் என்பதே அதற்குக் காரணம். இறங்கும்போது இன்னும் விழிப்பு வேண்டும். எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்குவார் நல்ல ஓட்டுநர். வேகத்தை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். தடையை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். துணைவர் இவற்றைக் கேட்டு வியக்கிறார். இத்தனை நாளும் ஓட்டுநரின் முதுகைக் கண்டாரேயன்றி அவர் தொழிலைக் கண்டதில்லை.

மேலே செல்லச் செல்ல ஆள் குறைகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் இருவர் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் மறைகின்றனர். சாலையோரத்தில் ஊரே தென்படாத இடங்களிலும் பேருந்து நிற்கிறது. ஊர் உள்ளே வெகுதொலைவில் இருக்கும். இறுதியில் பாதி இருக்கைகள் வெறுமையாகின்றன. அப்போது துணைவர் ஒரு கேள்வி கேட்கிறார்: “இவ்வளவு சில பேருக்காக இத்தனை பெரிய வண்டி டீசல் எரித்து மலையேற வேண்டுமா? இதனால் கழகத்திற்கு இழப்புத்தானே?” இது நேர்மையான கேள்வி. கழகங்களின் இழப்பு கற்பனையன்று. டீசல் விலையும் ஊதியமும் பழுதுபார்க்கும் செலவும் கட்டண வருவாயை விஞ்சி நிற்பது யாவரும் அறிந்ததே. எனவே இக்கேள்விக்கு இரக்கத்தை மட்டும் விடையாகக் கூறுதல் போதாது. கணக்கையும் கூறுதல் வேண்டும்.

முதலாவது, ஒரு நடையின் பையில் விழுந்த காசை மட்டும் எண்ணுவது கணக்கே அன்று. மாலையில் மலையேறும் கடைசிப் பேருந்தில் பத்துப்பேரே செல்கின்றனர் என்று அதனை நிறுத்திவிட்டால், காலையில் கீழே வரும் பேருந்தும் வெறுமையாகும். மாலையில் திரும்ப வழியில்லை என்பதை அறிந்த ஒருவர் காலையில் ஏன் இறங்கி வருவார்? ஆகவே மாலைப் பேருந்தின் பயன் அதன் இருக்கைகளில் மட்டும் இல்லை; காலைப் பேருந்தின் இருக்கைகளிலும் இருக்கிறது. மேலும், மலையிலிருந்து அரூருக்கு வருபவர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சேலத்திற்கோ தருமபுரிக்கோ வேறொரு பேருந்தில் ஏறுகிறார். அப்பேருந்தின் ஆதாயத்தில் ஒரு பங்கு, கணக்கில் எழுதப்படாவிடினும், மலைப்பேருந்து ஈட்டித் தந்ததே. சிற்றோடையை அடைத்துவிட்டு ஆற்றில் நீர் குறைந்தது ஏன் என்று வினவுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, நம்பகத்தின் கணக்கு. ஆறு நாள் வந்து ஏழாம் நாள் வாராத பேருந்து, அந்த ஒருநாளை மட்டும் கெடுப்பதில்லை. எந்த நாள் வாராது என்பது தெரியாமையால் ஏழு நாளையும் கெடுத்துவிடுகிறது. தேர்வு எழுத வேண்டிய மாணவி அதனை நம்ப முடியாது. மருத்துவர் குறித்த நாளில் அரூர் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய கருவுற்ற பெண் அதனை நம்ப முடியாது. நம்ப முடியாத பேருந்தில் ஆள் ஏறார். ஆள் ஏறாமையைக் காட்டி, தேவையில்லை என்று எழுதிவிடுவர். நோயாளியைப் பட்டினி போட்டுவிட்டு, அவர் மெலிந்துபோனார் என்று குறை கூறுவது போன்றது இது. வெறுமையாயினும் புறப்பட வேண்டும் என்று பாஸ்கல் விதித்தது இந்த நுட்பத்தை அறிந்தே என்று கொள்ளலாம்.

இக்காலத்தில் மலையிலும் இருசக்கர வண்டிகள் பெருகிவிட்டன, வாடகை ஜீப்புகள் ஓடுகின்றன, பேருந்தின் தேவை குறைந்துவிட்டது என்பாரும் உளர். வண்டி உடையவர் பெருகியது உண்மை. ஆனால் வண்டி ஓட்டுபவர் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இளைஞரான ஆடவரே. சிறுவர்க்கும் முதியவர்க்கும் பெண்டிருட் பலர்க்கும் அது உதவுவதில்லை. ஜீப்போ ஆள் நிறைந்த பின்னரே புறப்படும். அளவுக்கு மிஞ்சி ஏற்றும். மழை பெய்தால் கட்டணம் ஏறும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் அப்பேருந்துகளில் பெண்கள் பெருகியதை எவரும் கண்ணாரக் காணலாம். முன்னர் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே செல்லாதிருந்தது விருப்பமின்மையால் அன்று என்பது அதனால் தெளிவாயிற்று. ஆயினும், எத்துணைச் சிறந்த சலுகையும் வாராத பேருந்தில் செல்லாது.

மலையூர்களில் வழங்கும் ‘இரவுத் தங்கல்’ என்னும் ஏற்பாடு ஆர்வலர்களால் பெரிதும் போற்றப்படுவது. இரவில் கடைசி நடையாக மலையேறும் பேருந்து திரும்பி இறங்குவதில்லை. கடைசி ஊரிலேயே நின்றுவிடும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே உறங்கி எழுந்து, விடியலில் முதல் நடையாகக் கீழே இறங்குவர். வெறும் வண்டியை இருட்டில் இறக்கி விடியுமுன் மீண்டும் ஏற்றுவதைவிட இது சிக்கனமானது. அதனினும் முதன்மையான பயன் வேறு. இரவில் ஊரில் ஒரு பேருந்து நிற்கிறது என்பதே மக்களுக்குப் பெருந்துணை. நள்ளிரவில் ஒருவர்க்கு உயிர்க்கேடு நேர்ந்தால் எழுப்புவதற்கு ஒரு கதவு உண்டு. பால்காரர் முதல் பள்ளி மாணவர் வரை, காலையில் ஊர்தி உண்டு என்ற உறுதியோடு உறங்கலாம். ஆனால் இதன் சுமையை ஏற்போர் அவ்விரு தொழிலாளர்களே. பல ஊர்களில் அவர்களுக்கு ஓர் அறையும் கழிப்பிடமும் கிடைப்பதில்லை. குளிரில் பேருந்தின் இருக்கையிலேயே முடங்கிக் கிடக்கின்றனர். ஊருக்கு இரவுப் பேருந்து வேண்டும் என்று விண்ணப்பம் எழுதுவோர், அதனைக் கொண்டுவருபவர் உறங்க ஓரிடம் தருவோம் என்றும் சேர்த்து எழுதுதல் நன்று.

மலைநாடாகிய சுவிட்சர்லாந்தில் இதற்கு வேறொரு வகையில் விடை கண்டனர். அங்கு அஞ்சல் துறையே 1906ஆம் ஆண்டு முதல் மோட்டார்ப் பேருந்து நடத்தி வருகிறது. கடிதமும் மனிதரும் ஒரே மஞ்சள் வண்டியில் மலையூர்களுக்குச் சென்றனர். வளைவுகளில் அவ்வண்டி எழுப்பும் மூன்று சுர ஊதொலி, ரோசினி என்னும் இசைமேதையின் ‘வில்லியம் டெல்’ இசைநாடக முகப்பிசையிலிருந்து எடுக்கப்பட்டது. மலையஞ்சல் சாலைகளில் ஏனைய வண்டிகள் அதற்கு வழிவிட வேண்டும். ஒதுங்குமிடத்தை அதன் ஓட்டுநர் காட்டினால் கீழ்ப்படிய வேண்டும். செல்வம் மிக்க நாடு அது என்று கூறித் தட்டிக்கழிக்கலாம். ஆனால் அங்கும் மலைவழி, கட்டணத்தால் மட்டும் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்வதில்லை. பொதுப்பணம் அதனைத் தாங்குகிறது. வேறுபாடு ஒன்றே. அங்கு இழப்பு முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டுக் கணக்கில் வெளிப்படையாக எழுதப்படுகிறது. அதனைக் கழகத்தின் தலையில் ஏற்றிவிட்டுப் பின்னர் அக்கழகத்தையே திறமையற்றது என்று பழிப்பதில்லை. மலைப்பேருந்துக்காகும் செலவைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகும் செலவைப் போல அரசே நேராக ஏற்பதுதான் முறை.

சித்தேரியில் பேருந்து சென்று நிற்குமிடம் மலையின் முடிவன்று. அங்கிருந்து நடந்தே செல்ல வேண்டிய ஊர்கள் இருந்துவந்துள்ளன. கலசப்பாடி, அரசநத்தம் முதலிய ஊர்களின் மக்கள் நல்ல சாலை வேண்டி நெடுங்காலம் மன்றாடியதும், நோயுற்றவரைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்கியதும் நாளிதழ்களில் பலமுறை வெளிவந்த செய்திகள். அதே மாவட்டத்தின் வத்தல்மலைக்கு அரசுப் பேருந்து ஏறியது அண்மை ஆண்டுகளில்தான். விடுதலை பெற்று எத்தனையோ பத்தாண்டுகள் கழிந்த பின்னர். பேருந்து செல்லும் ஊர்க்கும் செல்லாத ஊர்க்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர், அவ்வூர்களின் பள்ளிப் பதிவேட்டில் எட்டாம் வகுப்புக்குமேல் பயிலும் பெண்பிள்ளைகளின் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம்.

இவை யாவும் துணைவர்க்குத் திரும்பும் வழியில் விளங்குகின்றன. மாலையில் இறங்கும் பேருந்தில் சாமை மூட்டைகளுக்கிடையே அமர்ந்திருக்கும் அவர், நண்பரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கிறார். வண்டி எண், புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர் எத்தனைபேர், இறங்கியவர் எத்தனைபேர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. விளையாட்டுக்கு எழுதியவைதாம். ஆனால் இவற்றைப் போன்ற குறிப்புகளே இன்று பல ஊர்களில் இல்லாதவை. சிற்றூர் நிறுத்தங்களில் கால அட்டவணைப் பலகையைக் காண்பது அரிது. பேருந்து நிறுத்தப்பட்டது என்று முறையிடச் செல்லும் மக்களிடம், எந்நாள் முதல் வரவில்லை, எத்தனைபேர் சென்றுவந்தனர் என்று அதிகாரிகள் வினவினால், வாய்ச்சொல்லைத் தவிரக் கையில் சான்று இருப்பதில்லை. பொழுதுபோக்காக எழுதப்பட்ட ஓர் ஏடு அவ்விடத்தில் வழக்கறிஞரின் வேலையைச் செய்யக்கூடும்.

மாணவர் இதனைச் செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தம் ஊருக்கு வரும் பேருந்துகளின் நேரத்தை ஒரு தாளில் எழுதி, நிறுத்தத்தில் ஒட்டலாம். வந்த நாளையும் வாராத நாளையும் ஓர் ஏட்டில் குறித்துவரலாம். அரூரிலிருந்து சித்தேரிவரை உள்ள நிறுத்தங்களைப் பட்டியலிட ஒரு பகல் போதும். மழைக்காலத்தில் பேருந்து அடிவாரத்திலேயே நின்றுவிட்ட நாள்களையும் சேர்த்து எழுதி முடிக்க ஓராண்டு ஆகும்.